உருண்டு போன திருஷ்டிப் பூசணிக்காய்

இத்தாலியில் போய்க் குடியிருக்கப் போகிறோம் என்று நான் சொன்னபோது, அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிளானோவில் ஒருவரும் நம்பவில்லை. எதிர் வரிசை ஆன்ட்டி, "அங்க இண்டியன் ஸ்டோர் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும் என்றதும், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார். ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகளோ, "அம்மா, யூ கைஸ் டோன்ட் ஈவன் லைக் பாஸ்தா!" என்றாள்.

பாஸ்தாவுக்காக யார் போகிறார்கள்? பிளானோவில் கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைவிட அவர் காரின் பின்பக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தோழியோடு காபி குடிக்க வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னாலேயே காலண்டரில் இடம்பிடிக்க வேண்டும். இப்படி இருக்கையில்தான் ஒரு விடுமுறைக்குத் தெற்கு இத்தாலியில் மலைமேல் ஒரு பழைய கிராமத்துக்குப் போனோம். கோட்டைச் சுவருக்குள் கல் வீடுகள். சந்துக்குள் கார் நுழையாது. சாயங்காலமானால் ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்து சத்தம் போட்டுப் பேசுகிறது. எனக்கும் சத்தம் போட்டுப் பேசத்தான் பிடிக்கும். அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும்போல் ஆகிவிட்டது.

என் கணவர் ஈரோட்டுக்காரர். அவரிடமிருந்து ஒரு முடிவை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பிளானோவிலேயே ஓர் ஆபீசில் காலமெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். மாதக்கணக்கில் நச்சரித்த பிறகு ஒருவழியாக இறங்கி வந்தார்.

"வர்றேன். ஆனா இந்த வீட்ட விக்கக் கூடாது. ஒரு வருசம் பாப்போம். பேச்சுத் துணைக்கு ஆளில்லீன்னா நான் திரும்பி வந்துருவேன். நீ வேணும்னா அங்கயே இருந்துக்க."

கடைசி வார்த்தை சுருக்கென்று குத்தியது. சொன்னால் செய்கிற மனிதர் அவர்.

அந்தக் கிராமத்தில் ஒரு கல் வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நான் முதல் நாளே சந்தில் இறங்கிப் பார்த்தவர்களிடமெல்லாம் கையால் பேச ஆரம்பித்துவிட்டேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, போனில் பிளானோ வீட்டு வாசல் கேமராவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓர் அணில் வரும், போகும். அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார்.

"ஏனுங்க, வெளிய போயி நாலு பேரப் பாருங்களேன்."

"பாத்து? பாசை தெரியாம பல்லக் காட்டிட்டு நிக்கறதா?"

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒருநாள் அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். "பால் காச்சுனமே தவிர இந்த வீட்டுக்குத் திருஷ்டி கழிக்கவே இல்ல. அதான் மனசு ஒட்ட மாட்டீங்குது" என்றார். மனசு ஒட்டுமென்றால் ஒரு பூசணிக்காய் என்ன, ஒரு வண்டி பூசணிக்காயே உடைக்கலாம். பிளானோவில் இண்டியன் ஸ்டோரில் வெள்ளைப் பூசணி கிடைக்கும். இங்கே சந்தையில் இருந்தது மஞ்சள் பூசணிதான். பரவாயில்லை என்று வாங்கிவந்தோம். சூடமும் குங்குமமும் பெட்டியில் வந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வேட்டி கட்டி, திருநீறு பூசி, பூசணியின் தலையில் துளை போட்டுக் குங்குமத் தண்ணீரை ஊற்றி, மேலே சூடம் ஏற்றினார். வாசலில் நின்று வீட்டுக்கு நேராகச் சுற்றிக் காட்டிவிட்டு, ஓங்கிக் கல் தரையில் போட்டார்.

பிளானோ தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். அங்கே வாழ்ந்து பழகிய எங்கள் இருவருக்கும், இந்தச் சந்து படிப்படியாகக் கீழே சதுக்கம்வரை இறங்குகிறது என்பது அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. இந்த ஊர்ப் பூசணியின் தோலும் அசாத்தியக் கெட்டி. அது உடையவில்லை. ஒரு குதி குதித்து, சூடத்தை உதறிவிட்டு உருளத் தொடங்கியது.

"ஐயோ, புடிங்க!"

"நீ புடி!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். படிக்குப் படி சிவப்பைக் கக்கிக்கொண்டே போன பூசணி, சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்த சதுக்கத்தில், காபிக்கடை வாசலில் போய் மோதிச் சிதறியது. தரையெல்லாம் ரத்தச் சிவப்பு.

ஓர் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். என் கணவர் மூச்சு வாங்க, "சாரி, சாரி" என்று எல்லாரையும் கும்பிட்டார். அவமானத்தோடு அவர் அடுத்த ஃபிளைட் ஏறிவிடுவார், என் இத்தாலி இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் எதிர்வீட்டு அம்மாள் படியிறங்கி வந்தார். ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கூட்டத்துக்கு எங்கள் வீட்டைக் காட்டினார், கையைச் சுற்றிக் காட்டினார், பிறகு விரலால் தன் கீழிமையை இழுத்துக் கண்ணைக் காட்டினார். கழுத்துச் சங்கிலியில் மிளகாய் போல ஒரு சிவப்புக் கொம்பு தொங்கியது. அதையும் தூக்கிக் காட்டினார். கண்ணேறு! நம் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது போல இவர்களுக்கு அது. நான் கழுத்து சுளுக்கும்படி தலையாட்டினேன். சதுக்கம் முழுக்க ஒரே சிரிப்பு. ஆளாளுக்குச் சாவிக்கொத்தை உருவி, அதில் தொங்கிய சிவப்பு மிளகாயைக் காட்டினார்கள்.

அந்த அம்மாள் அதோடு விடவில்லை. என் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தட்டில் தண்ணீர் வாங்கி, ஏதோ முணுமுணுத்தபடி ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் பரவிக் கரைந்தது; கண் பட்டிருக்கிறது என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாளுக்குப் பெரிய கொட்டாவி வந்தது. என் கணவருக்கும் வந்தது.

"பாத்தியா, எத்தன கண்ணு! எல்லாம் பிளானோவுல பட்டது!" என்றார் பூரிப்போடு.

வாளி வாங்கி அவர் தரையைக் கழுவ, காபிக்கடைக் கிழவர்கள் துடைப்பத்தோடு சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் அவரை உட்காரவைத்துக் கையில் சீட்டைக் கொடுத்தார்கள். சீட்டு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மதியம் நான் ரசத்தை இரண்டு தரம் சூடுபண்ணினேன்.

மறுநாளிலிருந்து காலையானால் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவர் தலை தெரிந்ததும் கிழவர்கள், பூசணி உருண்டது போலக் கையை உருட்டிக் காட்டிக் கூப்பிடுவார்கள். அவரும் கையை உருட்டிக்கொண்டே போவார். சில வாரம் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டுக்கு நடுவில் சாதாரணமாகச் சொன்னார்.

"பிளானோ வீட்ட வித்துப்போடலாம்."

"நீங்க கெளம்பியிருந்தா நானும் பின்னாலயே வந்திருப்பேனுங்க" என்றேன். அத்தனை நாளும் வெளியே சொல்லாத விஷயம் அது.

"அது தெரியாதா எனக்கு? அதனாலதான் கெளம்பாம உக்காந்திருந்தேன். இப்ப விக்கலாங்கறது அதுக்கில்ல. எனக்கே புடிச்சுப்போச்சு. கொஞ்சம் ரசம் ஊத்து, அவுங்க காத்துட்டிருப்பாங்க."

ஊற்றினேன். கண்ணீர் மறைத்ததில் பாதி ரசம் தட்டுக்கு வெளியே போயிற்று.