றே அங்கிள் செய்த பலகை

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே, மெழுகு மணக்கும் பழுப்புநிற கௌபாய் சப்பாத்து ஒரு சோடி நின்றது. அவற்றுக்குரிய றே அங்கிள், பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் ‘குசினி’யில் அடுப்பருகே வெறுங்காலுடன் நின்று, கௌபாய் பாட்டுப் பாடும் தன் இசைக்குழுவின் வயலின்காரர் மணிக்கட்டை முறித்துக்கொண்டார், சனி பிற்பகல் ஊர் மண்டபத்தில் நடனம் இருக்கிறது என்று சொல்லி, வேலிக்கு மேலால் கேட்கும் வயலின் யாருடையது என்று கேட்டார். அன்று சரிவந்தால் அம்மாவுக்குக் குழுவில் இடம், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்பதையும் மறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்த அம்மாவை இந்த நாட்டுக்கு வந்தபின் யாரும் மேடைக்கு அழைத்ததில்லை. உடனே ‘ஓம், வாறன்’ என்றார்.

“கோயில்ல வாசிச்ச கை. இனி மாடு மேய்க்கிறவையின்ர பாட்டுக்கோ?” என்றார் அப்பா.

“கண்ணனும் மாடு மேய்ச்சவர்தானே” என்றார் அம்மா.

ஒரேயொரு ஒத்திகைதான். மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க, அம்மா கராஜ் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிச் சுருதி சேர்த்தார். டிரம்காரர் கூரையைப் பார்த்தார். றே அங்கிள் மறுநாள், அம்மா உட்கார்ந்து வாசிக்கவென்று கம்பளம் அடித்துத் தானே செய்த ஓர் உயரமான பலகையைக் கொண்டுவந்து வைத்தார். ஆடுகிறவர்களின் தலைக்கு மேலால் அம்மா தெரியவேண்டுமாம்.

சனிக்கிழமை, மண்டபத்தில் சோடி சோடியாகச் சுழன்றார்கள். றே அங்கிள் மடியில் ஸ்டீல் கிற்றாரைக் கிடத்தி, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டபடி பாடினார். அம்மா அவருடைய ஒவ்வொரு வரியையும் பாடகரின் நிழல்போலப் பின்தொடர்ந்து வாசித்தார். பாட்டின் நடுவே றே அங்கிள் அம்மாவின் பெயரை, “வசந்தி!” என்று கூவினார். அந்த இசையில் பெயரைக் கூப்பிட்டால் அக்கணமே அந்த ஆள் தனியாக வாசிக்கவேண்டும். அம்மாவோ, கச்சேரிப் பழக்கத்தில், பிரதான பாடகர் முடித்து இடம்விடுவார் என்று வில்லைத் தூக்கிக் காத்திருந்தார். றே அங்கிள் இன்னும் முனகிக்கொண்டிருந்தார். டிரம்மும் பாஸ் கிற்றாரும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஆடியவர்கள் சிலர் நின்று மேடையைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பா சட்டைப்பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார்.

“நான் அப்பவே சொன்னனான். வா பிள்ளை, போவம்.”

அப்போது றே அங்கிள் பாட்டை நிறுத்தி, ஸ்டீலில் சின்னதாக ஒரு சங்கதி போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவர் இன்னும் சின்னதாக ஒன்று போட்டார். அதையும் அம்மா வளைத்து, ஒரு கமகம் கூட்டிக் கொடுத்தார். மூன்றாவதற்கு அம்மா காத்திருக்கவில்லை. வில் குதிரைப் பாய்ச்சலில் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக ஓடி, விழப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்த ஒவ்வொரு தடவையும் சரியாகத் தாளம் தொடங்கும் சமத்தில் வந்து இறங்கியது. ஸ்டீலின் வழுக்கலும் வயலினின் வழுக்கலும் ஒன்றையொன்று துரத்தின. றே அங்கிள் கம்பியிலிருந்து கையை எடுத்து “ஆஹா” என்று கத்தினார். நின்றவர்கள் மறுபடி சுழன்றார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

“இரு பிள்ளை,” என்றார் அப்பா. “முடியட்டும்.”

சில வருடங்கள் கழித்துக் குழு கலையும்வரை, அம்மா ஒவ்வொரு நடனத்திலும் அந்தப் பலகையில்தான் உட்கார்ந்தார். மண்டபம் இருந்த இடம் இப்போது கார்த் தரிப்பிடம்; றே அங்கிள் குவீன்ஸ்லாந்தில் மகளோடு இருக்கிறார். பலகை எங்கள் கராஜில் கிடக்கிறது. அதன்மேல் அப்பா வெங்காய மூட்டை வைத்திருக்கிறார்.