மூன்று மணி டெஸ்ட்

தென்காசியில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் இசக்கிச்செல்விக்கு புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் அந்த டெஸ்ட் பிடிகொடுக்கவே இல்லை. கூட வேலைபார்த்த பிரின்ஸ் அண்ணன் எழுதியது. அவர் மாரடைப்பில் போய்ப் பதினாறு நாள். அன்றிலிருந்து மதியம் மூன்று மணிக்கு எல்லா புரோகிராமையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் பில்டு தினமும் அந்த டெஸ்டில் வந்து நின்றுவிடுகிறது.

டெஸ்டின் கோடிங்கை வரிவரியாகப் படித்தாள். ஒரு செல்போனுக்கு மெசேஜ் அனுப்பி, பதில் வந்தால்தான் அது நகரும். எண் அண்ணனுடையது. இத்தனை வருஷமும் மனுஷன் தன் கையாலேயே பதில் போட்டுப் பாஸாக்கியிருக்கிறார்! திட்ட வாயெடுத்தபோது அவள் போன் அடித்தது. திரையில் ‘பிரின்ஸ் அண்ணன்’.

எடுத்தாள். மேலகரத்திலிருந்து அவர் மனைவி முத்துசெல்வி.

“மைனி பேசுதேன் இசக்கி. தெனம் மூணு மணிக்கு இவுக போனுக்கு ‘இருக்கியா?’ன்னு ஒரு மெசேஜ் வருது. நான் என்னன்னு பதில் போட?”