சுகன்யாவின் தலையில் எண்ணெய்

ஒரு மனிதருக்கு அறிவு இல்லை என்று நீங்கள் எதை வைத்து முடிவு கட்டுகிறீர்கள்? ஆரணியில் பட்டு நெய்யும் ஜெயவேல் ஒரு கணினித் திரையை வைத்து முடிவு கட்டினார்.

அவருடைய தங்கை சுகன்யாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கை, கால், நாக்கு எதுவும் அவள் சொன்னபடி கேட்காமல் போயிற்று. முற்பிறவிப் பாவம் என்றது தெரு. அந்தப் பொய்யை நம்பி, பள்ளிக்கூட வாசலுக்குக்கூட அவளை யாரும் தூக்கிப் போகவில்லை. பெற்றோர் இறந்தபின் ஜெயவேலும் அவர் மனைவி லீலாவும் பார்த்துக்கொண்டார்கள். 2009 கடைசியில் லீலாவின் இடுப்பு போய்விட்டது. சுகன்யாவைத் தூக்க முடியவில்லை. வேலூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று ஜெயவேல் விண்ணப்பம் வாங்கி வந்தார். கையெழுத்துதான் பாக்கி. அவளுக்கு ஏதாவது புரிந்து தொலைக்குமோ என்பது ஒன்றே உறுத்தியது.

அந்த நேரம் பார்த்து ஒரு பொறியியல் கல்லூரி, கல்யாண மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு முகாம் நடத்தியது. மூளையில் எழும் மின்துடிப்பைத் தலைக்கு மேலிருந்தே பிடித்துக் கணினிக்கு அனுப்பும் ஹெட்செட் ஒன்றை ஆசிரியை தேவிப்ரியா கொண்டுவந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு, தள்ளுவதாக நினைத்தால் திரையில் ஒரு பெட்டி நகரும்.

நாலு பேர் பார்க்கிற இடம் என்று லீலா அன்று நாத்தனாரின் தலையில் அரைக் கிண்ணம் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி விட்டிருந்தாள். ஹெட்செட்டை மாட்டினார்கள். சிக்னல் கிடைத்தால் திரையில் புள்ளிகள் பச்சையாக வேண்டும். ஒன்றுகூட மாறவில்லை.

"சிக்னலே வரலியே" என்றார் தேவிப்ரியா.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தணிகாசலம் சும்மா இருப்பாரா? "இன்னாம்மா நீ, உள்ள சரக்கு இருந்தாதானே சிக்னல் வரும்?"

மண்டபம் சிரித்தது. ஜெயவேலும் சிரித்தார். தங்கையின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, "மிஷினே சொல்லிடுச்சி லீலா. அவளுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் தேவிப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

"தப்பு என்னுதுண்ணே. எண்ணெய்த் தலையில அது வேலை செய்யாது, நான் கவனிக்கல. சீயக்காய் போட்டு அலசுங்க."

"நல்லா இருக்கட்டும்னுதானேம்மா வச்சேன்" என்றாள் லீலா.

அலசிக் காயவைத்து மாட்டியதும் புள்ளிகள் பச்சையாயின. பெட்டியை நகர்த்தப் பழக மேலும் ஒன்பது நாள் பிடித்தது. இதில் மந்திரம் கிடையாது. நினைப்பை அது படிக்காது. பழக்கிய ஒரு முயற்சியை மட்டும் அடையாளம் காணும். ஆமாம் என்றால் தள்ள வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். பதில் தெரிந்த இருபது கேள்விகளால் தேவிப்ரியா சோதித்தார். பதினேழு சரி.

"இப்ப நீங்க கேளுங்கண்ணே."

"வேலூர் ஹோமுக்குப் போறியா, சுகன்யா?"

பெட்டி அசையவில்லை.

"மாத்திக் கேளுங்க. சும்மா இருக்கறதும் இல்லன்றதும் ஒண்ணாயிடும்" என்றார் தேவிப்ரியா.

"இங்கயே இருக்கியா?"

பெட்டி திரையின் ஓரம்வரை போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயவேலால் முடியவில்லை. "அன்னிக்கு மண்டபத்துல... எல்லார் கூடவும் நானும் சிரிச்சிகினு இருந்தேனே. தெரியுமா உனக்கு?"

பெட்டி மெதுவாக நகர்ந்தது.

இத்தனை வருடமும் அவள் எதிரிலேயே பேசியதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது: இவள் போய்விட்டால் நிம்மதி என்றது, எப்போது போவாளோ என்று விருந்தாளிகளிடம் அலுத்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டார். ஹெட்செட் கல்லூரியுடையது, இனி வாரத்தில் ஒரு நாள்தான் வரும். எழுத்துகளைத் திரையில் ஓடவிட்டால் அவளே வார்த்தை சேர்த்துப் பேசலாம் என்கிறார் தேவிப்ரியா. ஆனால் சுகன்யாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எந்தக் கருவியும் வருவதற்கு முன்னாலேயே, பள்ளிக்கு அனுப்பாமல் விட்ட குற்றம் அது. தினமும் மாலையில் தறியை விட்டு எழுந்து, ஜெயவேல் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவள் முன் விரித்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுகிறார். இன்னும் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்ப்பதில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை வீட்டுக்குள் இருக்கும். ஹெட்செட் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடவே போங்கள்.