துரைசானி கேட்ட ரயில் டிக்கெட்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் என்று ஞாபகம். ஓர் ஐப்பசி மாதம், ஐரோப்பாவிலிருந்து சைக்கிளிலேயே புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார்கள். துருக்கியையும் பாரசீகத்தையும் மிதித்தே கடந்தவர்கள். தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இன்னும் கிழக்கே போவதாகத் திட்டம். கடல் குறுக்கிட்டால் ஒழிய வேறு எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை என்று கல்யாணமான புதிதில் இருவரும் சபதம் செய்துகொண்டார்களாம்.

நான் அப்போது ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். அவர்களுக்குத் துபாஷியாக இருக்கும்படி தாசில்தார் ஆள் அனுப்பினார். தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு பெருமையாகத்தான் போனேன்.

ஆற்றுப் பாலத்தில் அவர்களைப் பார்க்க ஏகக் கூட்டம். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "துரை ஓட்டுதாரு, சரி. பொம்பளையும்லா ஓட்டுதா, வே" என்றார். அந்த அம்மாளுக்கு இடுப்பு வரை சேறு. இறங்கியதும் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றங்கரைப் பங்களாவில் தங்கினார்கள். துரையின் சைக்கிளில் பின்சக்கரம் கோணியிருந்தது. மூன்றாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு அவர் கொல்லன் பட்டறைக்குப் போயிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். துரைசானி தாழ்வாரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் படிக்குக் கீழேயே நின்றேன். அடுத்தவன் மனைவி தனியாக இருக்கும்போது படியேறும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. முகத்தைப் பார்த்துப் பேசவும் மாட்டோம்.

அவள்தான் பேசினாள். இங்கிலீஷ் அவளுக்கும் இரவல் பாஷைதான், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மதுரையிலிருந்தே காய்ச்சல். எலும்பெல்லாம் வலிக்கிறது. கணவருக்கு இவ்வளவு என்று தெரியாது. தூத்துக்குடிக்கு இனி மிதிக்க முடியாது. நாளைக் காலை வண்டிக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தர முடியுமா? அவர் சைக்கிளில் வரட்டும், அவள் அங்கே போய்க் காத்திருப்பாள்.

"அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.

வேப்பமரத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன்.

பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு மனசு கேட்கவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தியை ரயிலேற்றிவிட்டான் வாத்தியார் என்று ஊர் பேசாதா? டிக்கெட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு நடந்தேன். மனைவி சொன்னதை ஒன்று விடாமல் துரையிடம் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் சிவந்தது. பிறகு, "மிக்க நன்றி" என்றார். ஒரு நல்ல மனுஷன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக அன்று இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். அந்தத் தோசையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை போனால், இரண்டு சைக்கிள்களும் மூட்டை கட்டித் தயாராக நின்றன. மழை தூறிக்கொண்டிருந்தது. துரைசானி தொப்பியின் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். அவள் மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். அப்போதும் நான் துரையிடமே கேட்டேன்: "அம்மாளுக்கு உடம்பு எப்படி?"

"சரியாகிவிட்டது என்கிறாள்" என்றார்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. ஒன்றுமே இல்லை. பெடலில் கால் வைத்தாள், போய்விட்டார்கள்.

வல்லநாடு தாண்டவில்லை. பொட்டல் காட்டில் சைக்கிளிலிருந்து சரிந்து விழுந்தவளை, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் போட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில், மழைத்தண்ணீர் ஊறி ஊறி வந்த குழியில் அவளை இறக்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு துரை என் பக்கம் வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நீங்கள் சொன்னதும் எனக்கு அவமானமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஆளிடம் போய் முறையிட்டாயா என்று அவளிடம் கேட்டேன். இல்லை, அவர் தப்பாகப் புரிந்துகொண்டார், எனக்கு ஒன்றுமில்லை என்றாள். அதன் பிறகு நான் எப்படிச் சொன்னாலும் ரயிலேற மாட்டேன் என்றுவிட்டாள். அவளே வாய்திறந்து சொல்லியிருந்தால் நானே கையைப் பிடித்து ஏற்றியிருப்பேன்."

ஏற்றியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அவள் தானாகச் சொல்லக் காத்திருந்த அந்த ஒரு வாய்ப்பை நான் முந்திக்கொண்டு பறித்தேன். அதில் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வெளி விஷயம் ஒன்றை அவளிடம் உட்கார்ந்து சொன்னது அதுதான் முதல் தடவை. என் மேல் தப்பில்லை என்று அவள் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தம்மா உங்கள்ட்டதான கேட்டா. நீங்க ஏன் அவர்ட்ட போய்ச் சொன்னிய?"

"அதுதானே முறை?" என்றேன்.

"முறைதான்" என்றாள். சுளகை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பைய சொன்னாள். "நான் தனியா உங்கள்ட்ட சொல்லுததையும் அன்னைக்கே உங்க அம்மாட்ட சொல்லிருதிய. அதனாலதான் ரெண்டு வருசமா நான் ஒண்ணும் சொல்லுததில்ல."

நான் அதைக் கவனித்ததே இல்லை.