எப்சியின் காதும் ‘மொசைக்’ ஆல்பமும்

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எப்சிக்குத் தரப் பரிசோதனை வேலை. இரும்பு வார்ப்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடமாக அதுதான். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் தூங்கி வழிவார்கள். எப்சியின் காதில் ஹார்ட் ராக் அலறும்.

அதிலும் ‘கருங்கல்’ என்றால் உயிர். தாம்பரத்துக்காரர்கள் நான்கு பேர் முப்பது வருடமாக நடத்தும் இசைக்குழு. ஏழு வருடத்துக்கு முன் வந்த அவர்களுடைய ‘ஜல்லி’ ஆல்பம் எப்சிக்கு மனப்பாடம். அடுத்த ஆல்பமான ‘மொசைக்’ வெளியாகும் முன், பழைய ரசிகர்கள் முப்பது பேரைப் பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்துப் போட்டுக் காட்டினார்கள்.

ஒன்பது பாட்டும் முடிந்ததும் ஆளாளுக்கு “செம”, “வேற லெவல்” என்றார்கள். எப்சி எழுந்தார்.

“பாட்டு முக்காவாசி ‘ஜல்லி’ய விட நல்லா கீது சார். அதுல வார்த்தையே புரியாது. இதுல தெளிவா கேக்குது. மூணாவது பாட்டுக்கு கண்ணே கலங்கிடுச்சு. ஆனா டிரம்ஸுக்கு இன்னா ஆச்சு? அதுல கதவ ஒதைக்கிற மாதிரி இருந்துச்சு. இது பிளாஸ்டிக் பக்கெட்ட தட்டுற மாதிரி கீது.”

கிடார் வாசித்து, ஒலிப்பதிவையும் கவனித்த சிட்டிபாபுவுக்கு முகம் சுருங்கிப்போனது. “நீங்க சவுண்ட் இன்ஜினியரிங் படிச்சிருக்கீங்களா மேடம்?”

“இல்ல சார். தட்டிப் பாத்து நல்லதா சொத்தையான்னு சொல்றது என் வேலை.”

மேடைப் பக்கமிருந்து ஒரு பெரிய சிரிப்பு. டிரம்ஸ் வாசிக்கும் பொன்னுரங்கம், வயது அறுபது. “ரெண்டு மாசமா நானும் இதத்தான் சொல்லிகினு கீறேன், எவன் கேட்டான்? கம்ப்யூட்டர்ல போட்டு வழவழன்னு தேச்சுட்டாம்மா!” என்றவர், நேராக மேடையில் வைத்திருந்த தன் டிரம்ஸின் முன் போய் உட்கார்ந்து முதல் பாட்டை அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். சிட்டிபாபு கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“சரி, மறுபடி எடுத்துடலாம்.”

வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போனது. அதே மண்டபத்தில் டிரம்ஸை மட்டும் புதிதாகப் பதிவு செய்தார்கள். எப்சி ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வந்து, நாற்காலி போட்டுக் கேட்டார்.

ஆல்பம் வந்த அன்று சிட்டிபாபுவே போன் செய்தார். “இப்ப சொல்லும்மா, எது ஒசத்தி?”

“இப்ப இடி மாதிரி கீது சார். ஆனா கடைசி ரெண்டு பாட்டுல தூக்கம் வருது. அதுக்கு ‘ஜல்லி’யே தேவலை.”

அவர் சிரித்த சிரிப்பில் எப்சி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.