வெளிநாடு போனீங்களா?

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் மஞ்சள் போர்டு போட்ட ஐ.எஸ்.டி. பூத் ஒன்று இருந்தது. உடல் ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் நூர்முகமதுவின் பெயருக்குக் கிடைத்த பூத் அது. போலியோவில் சூம்பிய காலை இழுத்துக்கொண்டு அவர் காலையில் வந்து ஷட்டரைத் தூக்கி விடுவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. மற்றபடி அது அவருடைய மனைவி ராபியாவின் ராஜ்ஜியம்.

ராபியா எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் எந்த நாட்டுக்கு எந்த எண் போட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெள்ளைக்காரர்கள் வந்து ஊர்ப்பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் இவள் சுழற்றிவிடுவாள். லைன் கிடைக்காமல் வாடிக்கையாளரே போதும் என்று எழுந்தாலும் விடமாட்டாள். "இரு சாமி, கெடைக்கும்" என்று உட்காரவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று யாராவது அழுதால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். எதற்கு அழுகிறார்கள் என்று கேட்கமாட்டாள்.

ஒரே மகள் ஹாதியா வளர்ந்ததே அந்தக் கடையில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பிறகு செல்போன் வந்தது. பூத்துகள் ஒவ்வொன்றாக மூடின. ராபியா மூடவில்லை. ஒரு கூண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் இரண்டு வாங்கிப் போட்டு, பிரவுசிங் சென்டர் ஆக்கினாள். அந்தச் சமயத்தில் ஹாதியாவை நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்த அய்மனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பையன். ஆனால் வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஹாதியாவின் மாமியார் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டார். பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

ஒருவழியாக, 2009ஆம் வருஷம் தரித்தது. ஏழாம் மாதம் ஆரம்பித்ததும் ராபியா போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டி.வி.யைப் போட்டால் பன்றிக் காய்ச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம் அது. நூர்முகமதுவுக்கு அந்தப் பெயரை வாயால் சொல்லவே கூச்சம். 'அந்தக் காய்ச்சல்' என்பார்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரப் பையன் கடைக்கு வந்தான். கூண்டுக்குள் போய் ஊரிலிருக்கிற தன் அம்மாவிடம் பேசினான். பேச்சை விட இருமல்தான் அதிகமாகக் கேட்டது. கம்ப்யூட்டர் முன்னாலும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ராபியா அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் போரடிக்கிறதென்று கடைக்கு வந்து உட்கார்ந்திருந்த ஹாதியாதான் அவனுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ராபியா திரும்பி வந்தபோது அவன் ஒரு கையில் லாட்ஜ் சாவியோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியபடி வெளியே போய்க்கொண்டிருந்தான்.

சில நாளில் ஹாதியாவுக்குக் காய்ச்சல் கண்டது.

முதலில் திருப்போரூரில் அவள் வழக்கமாகக் காட்டுகிற டாக்டரம்மாவிடம் போனார்கள். இருமலைக் கேட்டதும் நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். டாக்டர் எட்ட நின்றபடி, "நாங்க இதைப் பாக்கக் கூடாதும்மா. மாத்திரையும் எங்க கிட்ட இல்ல, டெஸ்ட்டும் கவர்மென்ட்லதான். செங்கல்பட்டுல இதுக்குன்னே பந்தல் போட்டிருக்காங்க, அங்க போயிடுங்க" என்றார்.

செங்கல்பட்டுப் பந்தலில் நிற்க இடமில்லை. கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தைத் தெளித்து மூக்கில் கட்டிக்கொண்டு ஜனங்கள் வளைந்து வளைந்து நின்றார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சலே இல்லை, பயம்தான். நிற்க முடியாமல் ஹாதியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் உச்சிக்கு வந்த பிறகு அவர்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் முகமூடி போட்ட ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெளிநாடு போனீங்களா?"

"இல்ல சார்."

"வெளிநாட்டுலேருந்து வந்தவங்க யாரு கூடயாவது பழகினீங்களா?"

ராபியா வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் மாமல்லபுரத்து முகங்கள் நாலைந்து தெரிந்தன. பக்கத்துக் கடைக்காரர் ஜானகிராமன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். கடையில் நோய் என்று ஒரு வார்த்தை பரவினால் போதும், பிறகு ஈகூட உள்ளே வராது. மகளின் மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால்? அவளுடைய நாக்கு புரண்டது.

"இல்ல சார். யாருமில்ல."

"சாதாக் காய்ச்சல்தான். டெஸ்ட்டெல்லாம் தேவையில்ல." இரண்டு அட்டைப் பாராசிட்டமாலை நீட்டினான். "அடுத்த ஆளு."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹாதியா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "அந்த வெள்ளைக்காரப் பையனைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சாதாக் காய்ச்சல்னு சொல்லிட்டாங்கல்ல. சும்மா இரு" என்றாள் ராபியா. சொல்லிவிட்டு மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஹாதியாவால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். ராபியா கடைக்கு ஓடினாள். டி.வி.யில் காட்டிய உதவி எண்ணைப் போட்டாள். எங்கேஜ்ட். திரும்பப் போட்டாள். எங்கேஜ்ட். விரல் மரத்துப்போகும் வரைக்கும் போட்டாள். ஒருவழியாக ஒரு பெண் குரல் கிடைத்தது.

ராபியா எல்லாவற்றையும் கொட்டினாள். கடைக்கு வந்த பையன், அவன் இருமல், வெந்நீர், வயிற்றில் ஏழு மாதம். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "அந்த வெளிநாட்டுக்காரருக்கு நோய் உறுதியாயிருக்காம்மா? அப்படின்னா உங்க பொண்ணை டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். இல்லன்னா அவங்க எடுக்கமாட்டாங்க."

அவன் தங்கியிருந்தது கோதண்டராமனின் லாட்ஜில் என்று ராபியாவுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து வருஷப் பழக்கம். லாட்ஜில் போன் கெட்டுப்போனால் கோதண்டராமன் இவள் பூத்துக்குத்தான் வருவார். இவளைக் கண்டதும் அவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே விடாமல் இருப்பதற்கு.

"அண்ணே, அந்த இருமலு புடிச்ச பையன் எங்க? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்களா? இன்னா சொன்னாங்க?"

"எந்தப் பையன்? அப்படி யாரும் இங்க தங்கல."

"நான் பாத்தேண்ணே. உங்க லாட்ஜு சாவிய கையில வச்சிகினு கடைக்கு வந்தான்."

கோதண்டராமன் குரலைத் தாழ்த்தினார். "ராபியாம்மா, சீசனு இனிமேதான் ஆரம்பிக்குது. என் வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லாத. உனுக்குக் கோடி புண்ணியம்." சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். ராபியாவால் அவரை வையக்கூட முடியவில்லை. நேற்று தானும் இதே காரணத்துக்காகத்தானே வாயை மூடிக்கொண்டோம் என்று பட்டது.

வாடகைக் கார்க்காரர்கள் யாரும் வரவில்லை. முனிசாமி என்கிற மீன் வண்டிக்காரர்தான், "ஏறும்மா, பாத்துக்கலாம்" என்றார். தகவல் கேட்டு அய்மனும் நாவலூரிலிருந்து கிளம்பி நேரே பந்தலுக்கு வந்துவிட்டான். அங்கே அதே வரிசை, அதே மேஜை, அதே ஆள்.

"வெளிநாடு போனீங்களா?"

ராபியா இந்த முறை முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "நாங்க எங்கேயும் போவல சார். வெளிநாடுதான் எங்க கடைக்கு வந்துகினு போவுது. மாமல்லபுரத்துல பூத்து வச்சிருக்கேன். இருமிகினே ஒரு வெள்ளக்காரப் பையன் வந்தான். என் பொண்ணு அவனுக்கு வெந்நீர் குடுத்தா. என் கடையிலதான் அவளுக்கு ஒட்டிகிச்சு. நேத்து கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். இப்ப சொல்றேன், டெஸ்ட்டு எடுங்க."

சுற்றி நின்றவர்கள், அன்றைக்கும் வந்திருந்த ஜானகிராமன் உட்பட, சட்டென்று விலகினார்கள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. அய்மன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "பாய் வூட்டுல போய் பன்னிக் காய்ச்சலா?" என்று யாரோ சிரித்தார்கள். மேஜைக்காரன் மனப்பாடம் செய்ததைச் சொன்னான். "அந்த ஆளுக்கு உறுதியானதுக்கு ஏதாவது சான்று இருக்குதா?"

"அவன் எங்க போனான்னே தெரியாது, நான் சான்றுக்கு எங்க போவேன்?" ராபியா மேஜையைத் தட்டினாள். "அவளைப் பாருங்க சார்! நீங்க ஒரு தடவ தலையத் தூக்கி அவளைப் பாருங்க!"

அந்தச் சத்தத்தில்தான் பந்தலை ஒட்டிய வார்டிலிருந்து டாக்டர் மார்கரெட் வெளியே வந்தார். நரைத்த தலை, தொளதொளவென்று ஒரு வெள்ளைக் கோட்டு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஹாதியாவின் உதட்டைப் பார்த்தார். விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். மூச்சு விடும்போது விலா குழிவதைப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"ஏழும்மா" என்றான் அய்மன்.

"உள்ள கொண்டு வாங்க. ஆக்சிஜன். பன்றிக் காய்ச்சல் மாத்திரையை இப்பவே ஆரம்பிங்க."

"டெஸ்ட்டு?" என்றாள் ராபியா.

"கர்ப்பிணிக்கு டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லைம்மா. சந்தேகம் வந்தாலே மாத்திரை குடுக்கணும்." மேஜைக்காரனைத் திரும்பிப் பார்த்தார். "அந்த உத்தரவு உங்க மேஜைக்கு வரலையா?" அவன் மேஜையிலிருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

ராபியாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. எந்த டெஸ்ட்டுக்காகப் போனில் கிடந்தாளோ, லாட்ஜ் வாசலில் நின்றாளோ, அது மகளுக்குத் தேவையாகவே இருக்கவில்லை. முந்தின நாளே இந்த அம்மாள் கண்ணில் பட்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

சாம்பிள் எடுக்கிற குழாய் அன்றைக்கு இருப்பில் இல்லை. வந்து சேர்ந்து, தொண்டையில் குச்சியை விட்டு எடுத்துச் சென்னைக்கு அனுப்புவதற்குள் ஹாதியா பாதி மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தாள். காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. அய்மன் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். ராபியா அதை வாயில் வைத்த நேரத்தில்தான் நர்ஸ் வந்து டாக்டரைக் கூப்பிட்டாள். குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை.

ஆண் குழந்தை. நூர்முகமதுவும் அய்மனும் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். குழி வெட்டியவர் எட்டத்தில் போய் நின்றுகொண்டார். நூர்முகமது சூம்பிய காலை மடக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்து, கையாலேயே மண்ணைத் தள்ளினார். அய்மனின் தாயார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். ராபியாவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "எங்க வூட்லயே இருந்திருக்கலாம்."

ஹாதியா வீட்டுக்கு வந்த பிறகுதான் முடிவு வந்தது. நெகட்டிவ். அந்தக் காய்ச்சல் இல்லை என்று போட்டிருந்தது. ராபியா அதை எடுத்துக்கொண்டு மார்கரெட்டிடம் ஓடினாள்.

"அப்ப என் கடையிலேருந்து வரலையாம்மா? அந்தப் பையனால இல்லையா?"

மார்கரெட் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். "மாத்திரை போட்டதுக்கு அப்புறம் எடுத்த சாம்பிள் இது. அதனால இதை வச்சு இல்லன்னும் சொல்ல முடியாது, ஆமான்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியலைம்மா."

"யாருக்குத் தெரியும்?"

"இனிமே யாருக்கும் தெரியாது."

அந்தப் பதிலைத்தான் ராபியாவால் ஜீரணிக்க முடியவில்லை. உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றாள். அவள் பந்தலில் கத்தியதை ஜானகிராமன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். பிரவுசிங்குக்கு ஆள் வருவது நின்றது. வெள்ளைக்காரர்கள்கூட யாரோ சொல்லி எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்பே நூர்முகமது கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, இடத்தைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தார். "நீ சொன்னது தப்பில்ல ராபியா. முந்தின நாளே சொல்லியிருந்தா..." என்று ஒரு நாள் ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஹாதியாவும் எடுக்கவில்லை. நாவலூருக்குப் போகிற அன்றைக்கு மட்டும் பையை மூடிக்கொண்டே சொன்னாள்: "அவர் ஆபீஸ்லயும் அமெரிக்காவுலேருந்து வந்த ஒருத்தருக்குக் காய்ச்சல் இருந்துதாம்மா. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே. எங்கேருந்து வந்துச்சோ." அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று ராபியா கேட்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் ஹாதியா மறுபடி உண்டானாள். இந்த முறை தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை, ராபியாவும் கேட்கவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று அய்மன் போன் செய்தபோது அவளுக்கு லேசான ஜலதோஷம். நூர்முகமதுவை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். மூக்கு முழுசாகச் சரியான பிறகும் இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நாவலூர் வீட்டில் ஹாதியாவின் மாமியார் கதவைத் திறந்து வழிவிட்டார். ராபியா குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். அறை வாசல் வரைக்கும் வந்து நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

"இன்னாம்மா அங்கேயே நிக்கிற?" என்றாள் ஹாதியா. அவளே எழுந்து வந்து குழந்தையை அம்மாவின் கையில் வைத்தாள்.

ராபியா வாங்கிக்கொண்டாள். குழந்தை கொட்டாவி விட்டது. அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அதற்கப்புறம்தான் மூச்சை விட்டாள்.