தேசம்மாள் அக்காவின் சர்க்கரை ஏன் இறங்கவில்லை

1. மிஷின் சொன்ன கணக்கு

குளுக்கோமீட்டரில் 412 என்று பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கவலை அப்புறம்தான் வந்தது. முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் இப்படி எழுதுவது அழகில்லை. ஆனால் இப்போது வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், அவர்களிடம் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது?

"என்னக்கா சாப்பிட்ட? உண்மையச் சொல்லு" என்றேன்.

"கேவுரு கூழு. வேற இன்னா துன்றேன்?" என்றார் தேசம்மாள் அக்கா.

"கூழு குடிச்சா நானூறு வருமா?"

"அத்த அந்த மிஷினாண்ட கேளு."

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுப் பக்கத்துக் குப்பம் ஒன்றில்தான் என் சப்-சென்டர். தேசம்மாள் அக்காவுக்கு அறுபத்து நாலு வயது. கரையில் ஏலம் எடுத்த இறாலைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பஸ் ஏறிப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்பவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் கேன்சர் வந்து, சென்னையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கீமோ, கரண்ட் என்று ஜனங்கள் சொல்கிற ரேடியேஷன் எல்லாம் முடித்துத் திரும்பி வந்து, வலது கையால் மறுபடியும் பெட்டியைத் தூக்கியவர். சர்க்கரை வியாதி அதற்கும் முன்னாலேயே உண்டு. மாத்திரையில் அடங்காமல் போகவே, ஒரு மாதத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா இன்சுலின் ஆரம்பித்திருந்தார்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது, பி.பி. பட்டை கட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை அவர் வேதம் மாதிரி கடைப்பிடித்தார். ஒருமுறை புதிதாக வந்த ஸ்டாஃப் ஒருத்தி பி.பி. பார்க்க இடது கையைப் பிடித்ததற்கு, "ஏய், இந்தக் கையத் தொட்ட, அவ்ளோதான்" என்று போட்ட சத்தத்தில் அந்தப் பெண் அழுதே விட்டாள். அந்தக் கையில் இறால் முள் குத்தினால்கூட சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என்னிடம் ஓடி வருவார். இவ்வளவு பத்திரமான மனுஷி சாப்பாட்டில் மட்டும் ஏமாற்றுவாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும் சாப்பிடுகிறார் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

2. "போ மாட்டேன்"

டாக்டரம்மா இரண்டு முறை டோஸை ஏற்றினார். சர்க்கரை அசையவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவர் ஐம்பதுக்கு வந்துவிட்டார். ஓயாத தாகம், நாலு எட்டு நடந்தால் களைப்பு. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சர்க்கரையால இருக்கலாம் சிஸ்டர். ஆனா அவங்களுக்கு இருக்கிற ஹிஸ்டரிக்கு நாம சும்மா இருக்க முடியாது. ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்கே அனுப்பி செக் பண்ணிடுங்க" என்று லெட்டர் கொடுத்தார்.

லெட்டரைத் தேசம்மாள் அக்கா கையால்கூட வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் நர்சம்மா. அது திரும்பி வந்துடுச்சி. அப்பவும் இப்படித்தான் எளச்சேன்."

"பாக்காம எப்படிக்கா தெரியும்?"

"பாத்து இன்னா பண்ணப் போறேன்? மொட்டத் தலையோட வாந்தி எடுத்துகினு கெடந்தது போதும். இன்னொரு தபா என்னால முடியாது. போ மாட்டேன்."

அதோடு நிற்கவில்லை. மருமகள் குமாரியைப் பொன்னேரிக்கு அழைத்துக்கொண்டு போய், வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். இவர் டீச்சர், தோல் உரித்துத்தான் கேட்பார். இவர் பேரம் பேச மாட்டார், பொடி இறால் கலக்காதே என்று. குமாரி என்னிடம் வந்து அழுதாள். "அத்த எல்லாத்தையும் முடிச்சிகினு வராங்கக்கா. எனக்கு பயமா கீது." எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தில் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திட்டினேன்.

3. இறால் பெட்டி

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற வழியில், லெட்டரைப் பற்றி இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா பாயில் சுருண்டு படுத்திருந்தார். குமாரி இறால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நொறுக்கிய ஐஸின் மேல் கை நிறையக் கல் உப்பை அள்ளித் தூவிக்கொண்டிருந்தாள்.

"உப்பு எதுக்கு குமாரி?"

"வெறும் ஐஸ் பத்தாதுக்கா. உப்பு போட்டாதான் நல்லா வெறைக்கும். அத்த எப்பவும் இப்படித்தான் போடுவாங்க."

சொல்லிக்கொண்டே பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டு, பாலிதீன் கவர் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். "அத்தைக்கு ஊசி போட நேரமாச்சி" என்று கவரைப் பிரித்தாள். உள்ளே இன்சுலின் பாட்டில். வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். மருந்து நகரவில்லை, கல்லாக உறைந்திருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

"கொஞ்ச நேரம் கைல வெச்சி உருட்டினா எளகிடும்" என்றார் பாயில் இருந்தபடியே தேசம்மாள் அக்கா. "ஒசந்த சரக்க அடியிலதான் வெப்போம். மேல வெச்சா கெட்டுப் பூடும். நீதான சொன்ன, ஜில்லுனு வெய்யினு?"

ஆமாம், நான்தான் சொன்னேன். வீட்டில் பிரிட்ஜ் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப் போயிருந்தது. "எங்கக்கா வைப்ப?" என்று முதல் வாரமே கேட்டேன். "ஐஸ் பெட்டி கீதே" என்றார். "ரொம்ப நல்லது" என்று சொல்லி, ரெஜிஸ்டரில் டிக் அடித்தேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

என் தோளில் தொங்கியது என்ன? வேக்சின் கேரியர். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே வைத்தால் மருந்து உறைந்துவிடும் என்று, அது வியர்க்கிற வரைக்கும் வெளியே வைத்திருந்து, காதுக்குப் பக்கத்தில் குலுக்கி, உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் வாரா வாரம் கேரியரில் வைக்கிறேன். உறைந்த தடுப்பூசியைக் கையால்கூடத் தொட மாட்டேன். இன்சுலினும் அதே ஜாதி மருந்துதான். ஒருமுறை உறைந்தால் தீர்ந்தது, இளகினாலும் வேலை செய்யாது. உப்புப் போட்ட ஐஸோ வெறும் ஐஸைவிடப் பல மடங்கு குளிரும். "ஜில்லென்று வை" என்றேன் நான். தன் தொழிலில் தெரிந்த அத்தனை சாமர்த்தியத்தையும் காட்டி ஜில்லென்று வைத்தார் அவர்.

"அக்கா, இந்த மருந்து செத்துப் போச்சுக்கா. உன் மேல தப்பில்ல, என் மேலதான்" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ மூணு மாசமா வெறுந் தண்ணியத்தான் குத்திகினு இருந்தேனா?"

"கிட்டத்தட்ட."

"இன்னா துன்ன, இன்னா துன்னன்னு எத்தினி வாட்டி கேட்ட! எங்க வெச்சிகிறன்னு ஒரு வாட்டி வந்து பாத்தியா நீ?"

உறைந்த பாட்டிலை என் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவர் முதலில் சொன்னது: "ஏத்தின டோஸை அப்படியே புது மருந்துல போட்டுடாதீங்க சிஸ்டர், லோ சுகர் ஆயிடும். முதல் டோஸுக்கே போங்க, தினமும் செக் பண்ணுங்க." அன்றைக்கே புதுப் பாட்டில் வந்தது. உறையாமல் குளிர்ச்சியாக இருக்கப் பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து. குமாரியின் வேலை மணல் காயாமல் பார்த்துக்கொள்வது.

4. பதில்

மூன்றாவது வாரம் 170 வந்தது. தாகம் அடங்கியது, எடையும் ஒரு கிலோ ஏறியது. அத்தோடு விட்டிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் சர்க்கரை இறங்கியது கேன்சர் இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"நான் நெனச்சது ஒண்ணு தப்பாப் போச்சி. இன்னொண்ணும் தப்பானு கேட்டுட்டு வரலாம். நீ கூட வா."

லீவு போட்டுவிட்டுப் பொன்னேரியில் ரயில் ஏறிக் கூடவே போனேன். மேமோகிராம், ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள் போனோம். டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. சர்க்கரையைப் பாத்துக்குங்க, அடுத்த வருஷம் வாங்க" என்றார். "ஒண்ணுமில்லியா சார்?" என்று அக்கா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவர் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து வராண்டாவில் அழுதது நான்தான். அக்கா என் முதுகைத் தட்டி, "ஏய், எனக்குத்தான ஒண்ணுமில்லன்னாரு, உனக்கு இன்னா?" என்றார்.

அடுத்த வாரம் சப்-சென்டரில் ஏகாம்பரம் அண்ணனுக்குச் சர்க்கரை 360. படகுக்காரர், அவரும் இன்சுலின்தான். ஐஸில் வைக்கக் கூடாது என்று அதற்குள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். "ஐஸ்ல வெக்கலியே" என்று சத்தியம் செய்தார். "அப்ப என்னண்ணா சாப்பிட்ட?" என்று நான் ஆரம்பித்தேன்.

தன் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேசம்மாள் அக்கா எழுந்தார். "இரு நர்சம்மா. நான் போய் அவுரு வூட்ல பாத்துட்டு வரேன். அப்புறமா திட்டு."

பத்து நிமிஷத்தில் வந்தார். இன்சுலின் பாட்டிலை என் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. சூடு பட்டாலும் இன்சுலின் செத்துவிடும்.

"சாமி படத்தாண்ட, எரியற வெளக்குப் பக்கத்துல வெச்சிகீறாரு. வூட்லயே ஒசந்த எடம் அதானே. இப்போ யாரத் திட்டணுமோ திட்டு."

பிள்ளைகளே, நம் ஜனங்கள் மருந்தை அலட்சியமாக வைப்பதில்லை. தங்களுக்குத் தெரிந்த மிக நல்ல இடத்தில்தான் வைக்கிறார்கள். அந்த இடத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு வாயைத் திறங்கள்.